எழுபத்தோராம் நிமிடத்து முழங்கால்

பதிவேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம்.
கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவே நின்று
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன்.

"மதிப்பிற்குரிய வில்ஃப்ரீதோ ஓயேதா,
நதிக் கோப்பை, மூன்றாம் ஆட்டம், எழுபத்தோராம் நிமிடம்.
எங்கள் ஏட்டில் அந்தக் கோல்
உருகுவேயின் பெனேகாஸ் கணக்கில் இருக்கிறது.
இப்போது ஒரு பழைய படச்சுருள் கிடைத்துள்ளது.
பந்து உங்கள் இடது முழங்காலில் படுவது தெரிகிறது.
படுவதற்கு முன் அது உள்ளே போனதா, வெளியே போனதா
என்பதுதான் தெரியவில்லை;
கம்பத்தை யாரோ ஒருவரின் குடை மறைக்கிறது.
தயவுசெய்து நினைவுகூர்ந்து எழுதவும்."

இருபத்திரண்டு வருடமாய்
இந்த முழங்காலை ஒரு நாதியும் விசாரித்ததில்லை.
பரானா ஆற்றின் மேல் மேகம் இறங்கினால்
என்கார்னசியோனில் முதலில் அறிவது இதுதான்.

பெனேகாஸ், நாற்பத்தொரு கோல்.
கோப்பையின் சரித்திரத்திலேயே அதிகம்.
அடுத்தவர் ஒரு பொலிவியாக்காரர், நாற்பது.
என் முழங்கால் வாய் திறந்தால்
இருவரும் ஒரே நாற்காலியில் ஒடுங்கி உட்கார வேண்டும்.

அவனை ஒருமுறை பார்த்தேன், சால்தோவில்.
கறிக்கடை வைத்திருக்கிறான்.
ஷட்டர் மேல் ஆளுயரத்துக்கு 41, சிவப்புப் பெயிண்டில்.
ஒரு கிலோ விலா எலும்பு கேட்டேன்.
அடையாளம் தெரியவில்லை அவனுக்கு,
தொண்ணூறு நிமிடம் சட்டையைப் பிடித்துத் தொங்கியவனை.
கோல் அடிப்பவர்கள் வலையைத்தான் பார்ப்பார்கள்.
அவர்கள் முதுகை மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள்.
அவன் ஒன்பதாம் எண்ணில்
எந்த இடத்தில் நூல் பிரிந்திருந்தது என்று
இன்றும் விரல் வைத்துக் காட்டுவேன்.
எடை சரியாகப் போட்டான்.
கொசுறாக ஒரு துண்டு கொழுப்பும்.

பந்து வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.
இரண்டு சாண்.
விட்டிருந்தால் விளம்பரப் பலகையில் மோதித் திரும்பியிருக்கும்,
ஒரு பையன் துடைத்து எடுத்துக் கொடுத்திருப்பான்.
காலை நீட்டினேன்.
ஏன் என்றால், கால் இருந்தது.

ஒலிபெருக்கி "பெனேகாஸ்!" என்றது.
நான் ஈரப் புல்லில் முகம் புதைத்து
கடவுளுக்கு நன்றி சொன்னேன்.
நாலு பேர் அவன் மேல் விழுந்து குவிந்தார்கள்.
குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நொடி
அவன் என்னைப் பார்த்தான்.
இல்லை, பார்த்ததாக
இத்தனை வருடம் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரவு ஃபெலிசியானாவிடம் சொன்னேன்.
தெரெரேவுக்கு ஐஸ் இடித்துக்கொண்டிருந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"உள்ளே போனது என்று எழுதிவிட்டுப் போ.
யாருக்கு நஷ்டம்?"

யாருக்கும் இல்லை.
ஆனால்
நாட்டுக்காக அறுபத்து மூன்று ஆட்டம் ஆடியவன் நான்.
கோல், பூஜ்யம்.
தலையால் ஒன்று, பெனால்டியில் ஒன்று,
மழையில் கீப்பர் கைவழுக்கி ஒன்று,
எதுவும் இல்லை.
அந்தத் தடித்த ஏட்டில்
மஞ்சள் அட்டைப் பட்டியலைத் தவிர
என் பெயர் எங்கும் இல்லை.
இது தப்பான வலை.
இருந்தாலும் என் எலும்பில் பட்டுப் போனது.
வேண்டும் எனக்கு.
வெட்கமில்லாமல் வேண்டும்.

எழுதினேன்:
"ஐயா, வெளியேதான். இரண்டு சாண்.
கோல் என்னுடையது.
பதியும்போது ஒஹேதா என்று எழுதவும்.
உங்கள் கடிதத்தில் ஓயேதா என்றிருக்கிறது,
மஞ்சள் அட்டைப் பட்டியலிலும் அப்படியே."

தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தத்துக்கு
யாரும் எழுந்து நிற்கவில்லை.

சால்தோவில் ஒருநாள் யாராவது ஏணி சாத்துவார்கள்.
அழிக்க வேண்டிய வேலைகூட இல்லை,
அந்த ஒன்றின் வயிற்றைப் பிடித்து
ஒரு வளைவு இழுத்தால் போதும், பூஜ்யம்.
பெனேகாஸ் கீழே நின்று
கத்தியைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான்.
அப்போதாவது
விலா எலும்பு வாங்கிய ஆள் ஞாபகம் வருமோ என்னவோ.

நாளைக்கு மழை என்கிறது முழங்கால்.
வாசலில் கிடக்கும் மூட்டைகளை
உள்ளே இழுத்துப் போட வேண்டும்.